ஃபோர்டு மாடல் ஏ காரை வேக சாதனை ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி 1928 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டருக்கானது, அதாவது நிலையான கூரையில்லாத திறந்த காருக்கு. ஓடப்போகும் இடம் கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரி, அல்லது யூட்டாவின் பான்வில் உப்பு வெளி. மாடல் டி அல்லது 1932-இன் மாடல் பி வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் இரட்டைக் கார்புரேட்டர், அடுத்து சிலிண்டர் ஹெட், அதற்கும் அடுத்து பளபளக்கும் எக்ஸாஸ்ட் குழாய். பிரேக்கும் பாதுகாப்புக் கூண்டும் காசு தீர்ந்த பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. அப்படி வரும் கார்களில் பல, பரிசோதனை வரிசையிலேயே நின்றுவிடுகின்றன. தாண்டிப் போகும் ஒன்றிரண்டில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் எஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. கீழே உள்ள வரிசை இதற்கு நேர் எதிரானது. குதிரைத்திறனைக் கூட்டும் வேலை ஏழாவது படியில்தான் வரும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் காரைத் தெருவில் ஓட்டி மகிழலாம்; அதிலும் தவறில்லை.

1. முதலில் விதிப்புத்தகம்

எல் மிராஜ் ஓட்டங்களையும் பான்வில்லின் ஆகஸ்ட் மாத வேக வாரத்தையும் தென் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் நடத்துகிறது. அதன் நடப்பு ஆண்டு விதிப்புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். பழைய பதிப்பை யாரிடமாவது இரவல் வாங்கி வேலையைத் தொடங்காதீர்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, அதிலும் பாதுகாப்பு விதிகள்தான் அதிகம் மாறுகின்றன.

படிக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பிரிவில் ஓடப்போகிறீர்கள் என்பதை. 1930-களின் நடுப்பகுதிக்கு முந்தைய அமெரிக்க நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு வி4 என்ற பிரிவு உண்டு. கொள்ளளவு 220 கன அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் பழைய ஃபிளாட்ஹெட் வடிவத்துக்கு வி4எஃப் என்று தனிப் பிரிவு. மாடல் ஏ எஞ்சின் பிறவியிலேயே 200.5 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.3 லிட்டர். துளையை 3.875 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகக் கடைந்தாலும் 213.6-தான் வரும், வரம்புக்குள் நிற்கும்.

எஞ்சின் பிரிவோடு உடல் பிரிவையும் எரிபொருள் பிரிவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றலாமா, அடித்தட்டு போடலாமா, இருக்கைப் பகுதியை எவ்வளவு மூடலாம் என்பதெல்லாம் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். காரைக் கட்டி முடித்துவிட்டுப் பிரிவைத் தேடியவர்கள், தங்களைவிட நூறு குதிரைத்திறன் கூடுதலாக வைத்திருப்பவர்களோடு மோத வேண்டிய பிரிவில் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

சாதாரணப் பட்டறைக் கருவிகளைத் தவிர, நம்பகமான டார்க் ரெஞ்ச், டயல் கேஜ், மைக்ரோமீட்டர், அளவுக் குறியிட்ட ப்யூரெட் (திரவத்தை அளந்து விடும் குழாய்), நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை மேடை ஆகியவை வேண்டும். எடை மேடையை வாடகைக்கு எடுத்தால் போதும்.

இவற்றைவிட முக்கியம், வெளியே கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளுக்கான ஆட்கள்: விரிசல் சோதனை, கிராங்க் ஷாஃப்ட் அரைத்தல், சமநிலைப்படுத்துதல், கூண்டு வெல்டிங். பழைய எஞ்சினைத் தொட்டுப் பழகிய லேத் பட்டறைகள் குறைவு. அவற்றில் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். அதனால் வேலை தொடங்கும் முதல் வாரத்திலேயே எஞ்சினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வருவதற்குள் நான்காவது, ஐந்தாவது படிகளை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

பணத்தைத் திட்டமிடும்போது ஓட்டமே நடக்காமல் போகவும் இடம் விடுங்கள். பான்வில் வேக வாரம் 2014, 2015, 2022 ஆண்டுகளில் தரை சரியில்லாமல் ரத்தானது. உப்பில் மழைநீர் தேங்கிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

3. எந்தக் காரை வெட்டுவது

முழுமையாக, அசல் பாகங்களோடு நிற்கும் காரை வெட்டாதீர்கள். ஒழுக்க போதனைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட காரில் நீங்கள் கொடுக்கும் விலையில் பாதி, இந்த வேலையில் தூக்கி எறியப்போகும் பாகங்களுக்கானது: மட்கார்டு, விளக்கு, கண்ணாடி, மெத்தை, பம்பர்.

நேரான ஒரு சேஸிஸ், விரிசலில்லாத ஒரு பிளாக், ஒரு ரோட்ஸ்டர் உடல், இவை மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். மாடல் ஏ லட்சக்கணக்கில் தயாரானது, பாகங்களுக்குப் பஞ்சமில்லை. உடலைப் புதிதாக எஃகில் அடித்துக் கொடுப்பவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

சேஸிஸ் வாங்கும்போது மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் அது எங்கோ அடிபட்டது. கோணலான சேஸிஸை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் கார் நேராகப் போகாது.

4. சேஸிஸ், ஓட்டுநர், கூண்டு

மாடல் ஏ சேஸிஸ் ஒரு பக்கம் திறந்த, மெல்லிய எஃகுச் சேனல். கரடுமுரடான சாலைக்கு ஏற்ப முறுகிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். நமக்கு அந்த முறுகல் ஆகாது. திறந்த பக்கத்தில் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குங்கள்.

ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் செய்தால் சூட்டில் சேஸிஸ் வளைந்துவிடும். சிறு சிறு துண்டுகளாக, இடமும் வலமும் மாறி மாறி வையுங்கள். எஞ்சினும் கியர்பெட்டியும் (எஞ்சின் பட்டறைக்குப் போயிருந்தால் அதற்கு ஈடான எடை) அவற்றின் இடத்தில் இருக்கும்போது இதைச் செய்வது நல்லது. வெறும் சேஸிஸில் செய்துவிட்டு எடையை ஏற்றினால் நடுப்பகுதி சற்று தாழும், கதவு மூடாது.

அடுத்த வேலை கூண்டு என்று நினைப்பீர்கள். இல்லை, ஓட்டுநர். இருக்கையைப் பொருத்தி, தீத்தடுப்பு உடை, தலைக்கவசம், கழுத்துக் காப்பு எல்லாவற்றையும் அணிவித்து அவரை உட்கார வையுங்கள். பெல்ட்டை இறுக்குங்கள். அதற்குப் பிறகு கூண்டுக் குழாய்களின் அளவை எடுங்கள். சட்டையோடு உட்கார்ந்து அளவெடுத்த கூண்டில், தலைக்கவசம் போட்டதும் தலை மேல் குழாயில் இடிக்கும், அல்லது அதைத் தாண்டி நிற்கும். இரண்டுமே பரிசோதகர் திருப்பி அனுப்பப் போதுமான காரணங்கள். குழாயின் விட்டமும் தடிமனும் விதிப்புத்தகத்தில் இருக்கின்றன. அதில் உங்கள் கற்பனைக்கு இடமில்லை.

தோள் பெல்ட்டின் பின்முனை தோள் மட்டத்தில், அல்லது சற்றே கீழே இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் தரையில் கட்டினால், மோதும் நேரத்தில் பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். பெல்ட்டில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். காலாவதியான பெல்ட் பார்க்கப் புதிதாக இருந்தாலும் செல்லாது.

திறந்த கார் என்பதால் கைகளைக் கட்டும் பட்டையும் வேண்டும். கார் உருளும்போது கை தன்னிச்சையாக வெளியே போகும், அதை மன உறுதியால் தடுக்க முடியாது. கடைசியாக, ஓட்டுநர் எல்லாம் அணிந்த நிலையில் பெல்ட்டைக் கழற்றி வெளியேறப் பழகட்டும். பரிசோதனையில் செய்து காட்டச் சொல்வார்கள்.

5. நேராகப் போகவும் நிற்கவும்

முன் அச்சில் முதலில் பார்க்க வேண்டியது கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. தொழிற்சாலை வைத்தது சுமார் 5 டிகிரி. வறண்ட ஏரியில் 8 முதல் 10 டிகிரி வரை வையுங்கள். சாய்வு கூடும்போது ஸ்டீயரிங் கனக்கும். ஆனால் சக்கரம் தானாகவே நேர் நிலைக்குத் திரும்பும். நமக்கு வளைவுகள் இல்லை, கனப்பது ஒரு பொருட்டே அல்ல.

ஸ்டீயரிங் பெட்டியிலும் கிங்பின்னிலும் (முன்சக்கரம் திரும்பும் முளை) உள்ள ஆட்டத்தைப் போக்கிவிட்டு, அதிர்வை அடக்கும் டேம்பர் ஒன்றைப் பொருத்துங்கள். இந்த வரிசை முக்கியம். ஆட்டம் இருக்கும்போதே டேம்பரைப் போட்டால் நோய் மறையும், போகாது. முன்சக்கரங்கள் படபடவென்று ஆடத் தொடங்கினால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிடும்.

பின் அச்சில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மாடல் ஏயின் பின்சக்கர ஹப், கூம்பு வடிவ அச்சு முனையில் இறுகி உட்காருகிறது. விசையைச் சுமப்பது அந்தக் கூம்புப் பிடிப்புதான். நடுவில் இருக்கும் சிறிய சாவி இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. கூம்பு தேய்ந்திருந்தால் சாவி தனியாகச் சுமை தாங்கி, ஒரு கட்டத்தில் வெட்டுப்பட்டுவிடும். பிறகு அச்சு முனையும் முறியும், சக்கரம் தனி வழியில் போகும்.

நீல மை தடவி ஹப்பைப் பொருத்தி, கழற்றிப் பாருங்கள். மை முழுச் சுற்றிலும் சமமாக ஒட்டியிருக்க வேண்டும். அகலமான ஓர் ஓரத்தில் மட்டும் வளையம்போல் ஒட்டியிருந்தால் ஹப்போ அச்சோ போய்விட்டது, மாற்றுங்கள். நட்டை 100 அடி-பவுண்டுக்குக் குறையாமல் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் இறுக்குங்கள். எஞ்சினில் பெரிய திறனை எதிர்பார்ப்பவர்கள் பழைய அச்சையே விட்டுவிட்டு, பிற்கால வலுவான அச்சுக்கு மாறுவது நல்லது.

பிரேக் நீளமாகப் பேச வேண்டியதில்லை. அசல் பிரேக் இரும்புக் கம்பிகளால் இயங்குவது. சரியாகச் செப்பனிட்டால் நிற்கும். ஆனால் 1939-க்குப் பிந்தைய ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக் எளிதாகப் பொருந்துவதால் அதையே போடுங்கள்.

டயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பழங்காலத் தோற்றத்துக்காக விற்கப்படும் டயர்களுக்கு இந்த வேகத்துக்கான தகுதிக் குறியீடு இருக்காது. அசல் கம்பிச் சக்கரங்களில் கம்பி பற்றவைத்த இடங்களில் விரிசல் விழும். பெயின்ட்டை உரித்துச் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

6. எஞ்சினின் கீழ்ப்பாதி

தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2200 சுற்றில் 40 குதிரைத்திறன் தந்தது. நாம் அதை 4000 சுற்றில் ஓட்டப்போகிறோம். பிஸ்டனும் ராடும் மேலும் கீழும் போய்வருவதால் உண்டாகும் இழுவிசை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது 3.3 மடங்கு. கார்புரேட்டர் எவ்வளவு நல்லது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. அதனால்தான் கீழ்ப்பாதி முதலில்.

பிளாக்கை விரிசல் சோதனைக்குக் கொடுங்கள். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதியில்தான் பெரும்பாலும் விரிசல் இருக்கும். துளை கடைந்த பிறகு கண்டுபிடித்தால் கடைந்த கூலி வீண்.

கிராங்க் ஷாஃப்ட்டில் மூன்றே தாங்கு பேரிங்குகள், எதிரெடையும் கிடையாது. அதிக சுற்றில் அது வில்போல் வளைந்து நடுப் பேரிங்கை அடிக்கும். எதிரெடை வைத்த கிராங்க் வாங்குவது இந்தக் காரில் நீங்கள் செய்யும் மிகச் சிறந்த செலவு. மாடல் பி எஞ்சினின் கிராங்க் தடிமனானது; பேரிங் முனைகள் 2 அங்குலம். மாடல் ஏயில் அவை வெறும் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கும் குறைவு. பி பிளாக் கிடைத்தால் விடாதீர்கள்.

எண்ணெய்தான் எஞ்சினைக் கொல்லும் இடம். மாடல் ஏயில் பம்ப் எண்ணெயை வால்வு அறைக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து அது தன் எடையால் தாங்கு பேரிங்குகளுக்கு இறங்கும். ராட் பேரிங்குகளுக்கு அதுவும் இல்லை. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, எண்ணெய்த் தொட்டியில் முங்கி அள்ளிக்கொள்ள வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் இது அற்புதமான ஏற்பாடு. 4000 சுற்றில், முழு முடுக்கத்தில் எண்ணெய் பின்பக்கம் ஓடிவிடும்போது, கரண்டிக்குக் காற்றுதான் கிடைக்கும். கிராங்க்கில் துளையிட்டு ராட் பேரிங் வரை அழுத்தத்தோடு எண்ணெய் போக வழி செய்யுங்கள். ஊற்றி வார்த்த ஒயிட் மெட்டல் பேரிங்குக்குப் பதிலாக, மாற்றக்கூடிய செருகு பேரிங்குகளுக்கு மாறுவதும் இப்போதே. பின்னால் செய்ய நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும்.

அசல் ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, ஏறக்குறைய 28 கிலோ. அதைக் கடைந்து எடையைக் குறைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வார்ப்பிரும்பு வேகத்தில் வெடித்தால் துண்டுகள் ஓட்டுநரின் கால்களை நோக்கித்தான் வரும். எஃகில் புதிய ஃப்ளைவீல் செய்து, கிளட்சைச் சுற்றிச் சிதறல் தடுப்புக் கவசம் போடுங்கள். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் மூன்றையும் ஒன்றாகப் பூட்டிய நிலையிலேயே சமநிலைப்படுத்தக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்துச் சேர்த்தால் மூன்றின் சிறு பிழைகளும் ஒரே பக்கம் கூடிவிடலாம்.

7. எஞ்சினின் மூச்சு

இப்போதுதான் குதிரைத்திறன்.

முதலில் ஹெட். அசல் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 4.22. ஃபிளாட்ஹெட் எஞ்சினில் அதை 6.5 வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் வேறு இடத்தில் இழப்பீர்கள். இந்த வடிவத்தில் வால்வு, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எரிகலவை அங்கிருந்து ஹெட்டின் தாழ்வான கூரைக்கு அடியில் பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். விகிதத்தைக் கூட்டக் கூரையை மேலும் தாழ்த்தும்போது அந்த வழி குறுகுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அழுத்தத்தில் கிடைத்ததை மூச்சுத் திணறல் விழுங்கிவிடும்.

விகிதத்தை ஹெட் விற்றவர் சொன்னதை வைத்து நம்பாமல் அளந்து பாருங்கள். அசல் துளையில் ஒரு சிலிண்டர் 821 கன சென்டிமீட்டர். 6.5 விகிதத்துக்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் மொத்த இடம் 149 கன சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஹெட்டை கேஸ்கெட்டோடு இறுக்கி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக ப்யூரெட்டால் மெல்லிய எண்ணெயை நிரப்பினால் அளவு தெரிந்துவிடும். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி ஹெட்டைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். வால்வும் பிஸ்டனும் ஹெட்டில் இடிக்குமா என்பதைக் களிமண் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

வால்வுகள் ஹெட்டிலேயே இருக்கும் மேல்வால்வு ஹெட் வைக்கலாமா என்று கேட்பார்கள். ரைலி, கிரேகர் போன்றவை அந்தக் காலத்திலேயே இதற்காக வந்தவை; திறன் நிச்சயம் கூடும். ஆனால் வி4எஃப் பிரிவு உங்களுக்கு மூடிவிடும். முதல் காருக்கு ஃபிளாட்ஹெட்டே போதும் என்பது என் கருத்து.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை, கியர்பெட்டியைப் பார்க்காமல் தனியாகத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் படியில் மிகப் பெரிய பிழை. அசல் கியர்பெட்டியில் இரண்டாவது கியர் 1.85, மூன்றாவது நேரடி. 4000 சுற்றில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் எஞ்சின் 2160 சுற்றுக்கு விழும். 2800-க்கு மேல்தான் உயிர் பெறும் கேம் ஒன்றைப் போட்டிருந்தால், கார் அங்கேயே தவழும். அதிலும் நீளமான (எண்ணில் சிறிய) பின் அச்சு விகிதம், தளர்ந்த உப்பு, எதிர்காற்று என்றால் அது மேலே ஏறவே ஏறாது. மிதமான கேம், அல்லது நெருக்கமான விகிதங்கள் கொண்ட பிற்காலக் கியர்பெட்டி, இரண்டில் ஒன்று வேண்டும்.

கார்புரேட்டருக்கு வருவோம். பிளாக்கில் உள்ளிழுக்கும் வழிகள் இரண்டே: ஒன்றும் இரண்டும் ஒரு வழியைப் பகிர்கின்றன, மூன்றும் நான்கும் மற்றொன்றை. எரியும் வரிசை 1-2-4-3 என்பதால், ஒரே வழியில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் அடுத்தடுத்து இழுக்கின்றன. ஒன்றுக்கு வரவேண்டியதில் ஒரு பங்கு மற்றொன்றுக்குப் போய்விடும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கார்புரேட்டர் வைப்பது இயல்பான ஏற்பாடு. ஆனாலும் ஜோடிக்குள் வேறுபாடு இருக்கும். ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) தேர்ந்தெடுக்கும்போது நான்கு பிளக்குகளில் எது மிகவும் வெளுத்து வறண்டிருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். சராசரியைப் பார்த்தால் அந்த ஒரு பிஸ்டன் உருகும்.

8. எரிபொருள், தண்ணீர்

அசல் பெட்ரோல் தொட்டி, டாஷ்போர்டுக்குப் பின்னால், ஓட்டுநரின் கால்களுக்கு மேலே இருக்கிறது. அதை உடனே ஓய்வுபெற வையுங்கள். புதிய தொட்டியை ஓட்டுநரிடமிருந்து தீத்தடுப்புச் சுவரால் பிரித்து வையுங்கள். பெட்ரோல் பிரிவில் ஓடினால் களத்தில் விற்கும் எரிபொருளையே நிரப்பி, தொட்டிக்கு முத்திரை வைப்பார்கள். அதனால் மூடியில் முத்திரைக் கம்பி நுழைய வழி இருக்கட்டும்.

இதுவரை எடையால் இறங்கிய பெட்ரோலுக்கு இனி மின்பம்ப் தேவை. பழைய கார்புரேட்டர்களின் மிதவை ஊசி 2.5 முதல் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் வரைதான் தாங்கும். அழுத்தக் கட்டுப்படுத்தி இல்லாத நவீன பம்ப், கார்புரேட்டரை வழியவிட்டு எஞ்சின் மேல் பெட்ரோலை ஊற்றும்.

ரேடியேட்டர் தேவையே இல்லை. எல் மிராஜ் ஓட்டம் 1.3 மைல், அதாவது 2.1 கிலோமீட்டர், ஒரு தொட்டி தண்ணீர் போதும். காற்று நுழையும் வாயையும் மூடிவிடலாம். தொட்டியை முன்பக்கம் வைத்தால் பத்தாவது படிக்கும் அது உதவும்.

9. கியர் கணக்கு

டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவை நம்பாதீர்கள். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போது, ஓட்டத்துக்கான காற்றழுத்தத்தில், டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காரை ஒரு முழுச் சுற்று தள்ளி அளங்கள். அது 2.234 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

4000 சுற்றில், நேரடிக் கியரில், பின் அச்சு விகிதம் 3.78 என்றால் மணிக்கு 142 கிலோமீட்டர் வரும். 3.54-க்கு 151. 3.27-க்கு 164. எல்லோரும் 3.27-ஐத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் தாளில் அதுதான் பெரிய எண். எஞ்சினால் அந்த விகிதத்தை 4000 வரை இழுக்க முடியாவிட்டால், 3400-இல் மூச்சு வாங்கி நிற்கும், 3.54 வைத்த பக்கத்துக் கார் முந்திவிடும். எஞ்சினின் உச்சத் திறன் எந்தச் சுற்றில் வருகிறது என்பதை டைனமோமீட்டரில் பார்த்து, அந்தச் சுற்றில் உங்கள் இலக்கு வேகம் விழும்படி விகிதத்தை வையுங்கள். உப்பில் சக்கரம் நழுவுவதற்காக ஐந்து சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.

10. எடையும் காற்றும்

காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 80 மைலில் போகும் கார் 100 மைல் போக, அந்தப் பங்கில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திறன் வேண்டும். பிரிவு அனுமதித்தால் காரைத் தாழ்த்துவதும், கண்ணாடியை நீக்குவதும், ஓட்டுநரைச் சாய்த்து உட்கார வைப்பதும் ஒரு புதிய கேமைவிட மலிவாக வேகம் தரும்.

எடையைக் குறைக்கப் பாடுபடாதீர்கள். இது நின்ற இடத்திலிருந்து கால் மைல் ஓடும் பந்தயம் அல்ல. தளர்ந்த உப்பில் சக்கரத்துக்குப் பிடிப்பு தருவது எடைதான். ஓடவும் போதுமான தூரம் இருக்கிறது. ஆனால் எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். காரின் ஈர்ப்பு மையம், பக்கக்காற்று தள்ளும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், சிறிது திரும்பினாலும் கார் முழுவதுமாகச் சுழன்று பின்பக்கமாக ஓடத் தொடங்கும். ஈயக் கட்டிகளைப் பின் அச்சுக்கு மேல் குவிப்பதுதான் புதியவர்கள் செய்வது. பாதிக்கு மேல் முன்பக்கம் வையுங்கள். ஒவ்வொன்றையும் சேஸிஸோடு போல்ட் போட்டுப் பூட்டுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஈயம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு சக்கர எடையையும் எழுதி வையுங்கள்.

11. கிளம்பும் முன்

எஞ்சினைப் பட்டறையில் ஓட்டி, சூடானதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். எண்ணெயை வடித்து, வடிகட்டியை வெட்டிப் பாருங்கள். வெள்ளிபோல் மினுமினுக்கும் துகள் இருந்தால் பேரிங் தேய்கிறது. அந்த நிலையில் பயணம் வேண்டாம்.

உயரத்துக்கு ஏற்ற சிறிய ஜெட்டுகளைப் பெட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். எல் மிராஜ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 860 மீட்டர், பான்வில் 1,280 மீட்டருக்கு மேல். ஆகஸ்ட் வெயிலில் காற்று இன்னும் மெலியும். மெலிந்த காற்று திறனைக் குறைத்தாலும் எதிர்ப்பையும் குறைத்துவிடும், அந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். சரியாகாதது எரிகலவை. கடற்கரையோர ஊரில் சரியாக இருந்த ஜெட், அங்கே கரும்புகை கக்கும்.

12. களத்தில்

முதலில் பரிசோதனை, பிறகு புதிய ஓட்டுநர்களுக்கான கூட்டம். உரிமம் படிப்படியாகத்தான் கிடைக்கும். முதல் ஓட்டத்திலேயே முழு வேகம் கிடையாது. நீளமான பின் அச்சு விகிதத்தால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது கிளட்சைக் கருக்கிவிடும். அதனால் வேனால் தள்ளிக் கிளப்புவது வழக்கம். தள்ளும் வேனின் ஓட்டுநரோடு முன்னதாகவே பேசி, எந்த வேகத்தில் விலக வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோட்டைத் தாண்டியதும், ஆக்ஸிலரேட்டரை விடாமலே இக்னிஷனை அணைத்து கிளட்சை மிதித்து, காரை உருளவிட்டு ஓரம் கட்டுங்கள். பிளக்குகளை அங்கேயே கழற்றிப் பாருங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பிய பிறகு பார்த்தால், பிளக் சொல்வது அந்த மெதுவான ஓட்டத்தின் கதையை.

பிறகு நேரச் சீட்டை வாங்கி, சுற்றோடு ஒப்பிடுங்கள். டாக்கோமீட்டர் 3900 காட்டியது, விகிதம் 3.27, டயர் சுற்றளவு 2.234 என்றால், சக்கரம் மணிக்கு 160 கிலோமீட்டரில் சுற்றியது. சீட்டில் 152 இருந்தால் ஐந்து சதவீதம் நழுவல். பத்தைத் தொட்டால் குதிரைத்திறன் தேட வேண்டாம். பின்சக்கரத்தின் மேல் இன்னும் கொஞ்சம் எடை தேடுங்கள், முன்பக்கக் கணக்கு கெடாத அளவுக்கு.

ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டையும் தீப்பொறி டைமிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டு மூன்று மைல் கூடியது என்றால், எது கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

பான்வில்லில் இருக்கும் சாதனையைத் தாண்டினால் கார் தனி வளாகத்துக்குப் போக வேண்டும். அங்கே வேலை செய்யக் குறிப்பிட்ட நேரம்தான் தருவார்கள். மறுநாள் காலை மறுபடி ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. ஒரே ஓட்டத்துக்காக உச்சத்தில் முறுக்கிய எஞ்சின், மறுநாள் காலை கிளம்பாது. எல் மிராஜில் இந்தத் தொல்லை இல்லை. சர்வதேசச் சாதனைக்குப் போகிறவர்களுக்கு விதியே வேறு: எதிரெதிர் திசைகளில் இரண்டு ஓட்டங்கள், ஒரு மணி நேரத்துக்குள்.

13. உப்பைக் கழுவுதல்

பான்வில்லிலிருந்து திரும்பும் வழியில் வெண்டோவர் ஊரிலேயே காரையும், இழுத்துவந்த வண்டியையும், டிரெய்லரையும் கழுவிவிடுங்கள். உப்பு காய்ந்து கட்டியான பிறகு சாதாரண நீரில் போகாது.

வீட்டுக்கு வந்ததும் பிரேக் டிரம், சக்கர பேரிங், ஸ்டார்ட்டர் மூன்றையும் பிரித்து, வெந்நீரில் கழுவி, புதிய கிரீஸ் வையுங்கள். சேஸிஸைப் பெட்டியாக மூடியபோது அடியில் வடிகால் துளை விட்டிருந்தால், அதில் குழாயைச் செருகி, நக்கிப் பார்த்தாலும் கரிக்காத தண்ணீர் வரும்வரை பீய்ச்சுங்கள். துளை விடவில்லை என்றால் இப்போதே போட்டுவிடுங்கள். உள்ளே தங்கும் உப்பு வெளியில் தெரியாமல் வெல்டிங் ஓரமாகத்தான் தின்னத் தொடங்கும். எண்ணெயை மாற்றி, சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி வையுங்கள்.